அப்பா அம்மாவைக் கனடாவுக்கு அழைப்பது

கனடாவில் ஓரளவு காலூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களில், முதல் பிள்ளை பிறந்ததும் அல்லது ஊரில் அம்மா அப்பா இருவரில் ஒருவர் தனித்துப்போனதும் ஒரு பேச்சு கட்டாயம் வரும்: "பேசாம ஸ்பான்சர் பண்ணிக் கூட்டிட்டு வந்துடு." ஸ்கார்பரோவின் ஈழத்து வீடுகளில் அதே பேச்சு "ஸ்பொன்சர் செய்து கூப்பிடுங்கோவன்" என்று வரும். சொல்பவர்களில் பலர் 2011-க்கு முன்பே தங்கள் பெற்றோரை அழைத்துக்கொண்டவர்கள். அவர்கள் அறிந்த விதிகள் இன்று இல்லை.

ஆகவே என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூப்பர் விசாவில் அழையுங்கள். ஒரு குளிர்காலத்தையாவது அவர்கள் முழுதாக இங்கே இருந்து பார்க்கட்டும். அதுவரை ஊர் வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கும் விடாதீர்கள். நிரந்தர வசிப்புரிமை, அதாவது பி.ஆர்., அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது. வரும் வழியைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். திரும்பிப் போகும் வழியை யாரும் விசாரிப்பதில்லை. பெரியவர்கள் இங்கே நிம்மதியாக இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

இரண்டு வழிகள்

முதல் வழி, பெற்றோர் - தாத்தா பாட்டி ஸ்பான்சர் திட்டம். தேறினால் பி.ஆர். கிடைக்கும், மாகாண மருத்துவ அட்டை கிடைக்கும். ஆனால் இது நினைத்தபோது விண்ணப்பிக்கும் திட்டம் இல்லை. 2011 நவம்பரில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தினார்கள். 2014-இல் ஆண்டுக்கு 5,000 விண்ணப்பங்கள் என்ற வரம்போடு திறந்தார்கள். 2017-இல் குலுக்கல் வந்தது. 2019 ஜனவரி 28 அன்று முந்துபவர்க்கே இடம் என்றார்கள். பத்து நிமிடத்துக்குள் எல்லா இடமும் தீர்ந்தது. மறுபடி குலுக்கலுக்கே போனார்கள். 2020 அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை, ஸ்பான்சர் செய்ய விருப்பம் தெரிவிக்கும் படிவத்தைப் பெற்றார்கள். 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் அழைப்பு அனுப்பியது அந்த ஒரே பட்டியலில் இருந்துதான். அந்தச் சில வாரங்களில் படிவம் போடாதவர்களுக்கு, அதற்குப் பின் கனடா வந்தவர்கள் உட்பட, இத்தனை ஆண்டுகளும் உள்ளே நுழைய இடமே இருக்கவில்லை. 2024-இல் 35,700 அழைப்புகள் போயின. 2025-இல் 17,860 ஆகக் குறைந்தன. அதிலும் ஏற்பதாகச் சொன்னது 10,000 விண்ணப்பங்களைத்தான்.

நீங்கள் 2020 பட்டியலில் இருப்பவர் என்றால் அப்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரியை உயிரோடு வைத்திருங்கள், ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். அழைப்பு வந்தால் முழு விண்ணப்பத்தையும் போட 60 நாள்தான் அவகாசம்.

இரண்டாவது வழி சூப்பர் விசா. ஸ்பான்சர் திட்டத்தை நிறுத்திய அதே 2011-இன் டிசம்பரில், அதற்கு ஈடாகக் கொண்டுவந்தது. பத்து ஆண்டு வரை செல்லும். எத்தனை முறையும் வந்து போகலாம். முன்பு ஒரு முறை வந்தால் இரண்டு ஆண்டு தங்கலாம் என்று இருந்தது. 2022 ஜூலை 4 முதல் அது ஐந்து ஆண்டானது. இங்கிருந்தபடியே மேலும் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கக் கேட்கலாம். குலுக்கலும் இல்லை, ஆண்டு வரம்பும் இல்லை. அழைப்பவர் கனடியக் குடியுரிமை அல்லது பி.ஆர். உள்ள மகனாகவோ மகளாகவோ இருக்கலாம், பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். வருபவர் பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுடைய துணைவர் மட்டுமே. திருமணமாகாத தங்கையையும் அம்மாவோடு சேர்த்து அழைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்; இந்த விசாவில் அதற்கு இடமில்லை.

ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றது கெட்டுப்போகும் என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி விதி எதுவும் இல்லை. ஸ்பான்சர் விண்ணப்பம் கிடப்பில் இருக்கும்போதே சூப்பர் விசாவில் வந்து இருக்கலாம்.

கையெழுத்துப் போடுமுன்

ஸ்பான்சர் செய்பவர் அரசுக்கு ஓர் உறுதிமொழி எழுதித் தருகிறார். பெற்றோருடைய சாப்பாடு, உறைவிடம், மாகாணக் காப்பீட்டில் அடங்காத மருத்துவம் எல்லாம் தன் பொறுப்பு என்பது அதன் சாரம். 2014 வரை அது பத்து ஆண்டுக்கு. இப்போது கியூபெக் நீங்கலாக மற்ற இடங்களில் இருபது ஆண்டு. நடுவில் உங்கள் வேலை போகலாம், கணவன் மனைவி பிரியலாம், பெற்றோரோடு மனஸ்தாபம் வந்து அவர்கள் வேறு பிள்ளை வீட்டுக்குப் போய்விடலாம். உறுதிமொழி அப்படியே நிற்கும். அவர்கள் அரசின் சமூக உதவித் தொகை வாங்கினால் அதை நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டும்வரை வேறு யாரையும் ஸ்பான்சர் செய்ய முடியாது.

இங்கே நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. "நீ கையெழுத்துப் போடு, செலவை மூணு பேரும் பிரிச்சுக்கலாம்" என்று அண்ணன் தம்பிகள் சொல்வார்கள். உங்களோடு சேர்ந்து கையெழுத்திடச் சட்டம் அனுமதிப்பது உங்கள் கணவரை அல்லது மனைவியை மட்டும்தான். கூடப்பிறந்தவர்களை அது அறியாது. எனவே மாதம் யார் எவ்வளவு தருவது, அம்மா யார் வீட்டில் எத்தனை மாதம் இருப்பது என்பதைக் குடும்பத்துக்குள் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவனிடம் போய் எழுதிக் கேட்பதா என்று கூச்சமாக இருக்கும். பின்னால் வாய்த்தகராறில் பேச்சுவார்த்தையே அறுந்துபோவதைப் பார்க்கும்போது அந்தக் கூச்சம் எவ்வளவோ மேல்.

வருமானக் கணக்கிலும் இரண்டு வழிக்கும் வேறுபாடு உண்டு. ஸ்பான்சருக்கு அரசு வகுத்த குறைந்தபட்ச வருமானக் கோட்டுக்கு மேல் 30 விழுக்காடு, அதுவும் தொடர்ந்து மூன்று வரி ஆண்டுகளுக்குக் காட்ட வேண்டும். சூப்பர் விசாவுக்கு அந்தக் கோட்டை எட்டினால் போதும். தலை எண்ணும்போது வரப்போகிறவர்களையும் சேர்க்க வேண்டும். நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்றால் ஆறு பேர். 2025-இல் வெளியான சூப்பர் விசா அட்டவணைப்படி அதற்கு 72,000 டாலருக்குச் சற்று மேல் வேண்டும். மாமனார் மாமியாரை ஏற்கெனவே ஸ்பான்சர் செய்து உறுதிமொழி இன்னும் முடியாமல் இருந்தால் அவர்களும் கணக்கில் சேர்ந்து எட்டுப் பேர் ஆவார்கள். கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் கூட்டிக் காட்டலாம்.

சொந்தத் தொழில் செய்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வரி மிச்சம் பிடிக்கச் செலவையெல்லாம் கூட்டிக் கழித்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள். கையில் காசு புரளும். வரித்துறை அனுப்பிய மதிப்பீட்டுத் தாளில் இராது. அதிகாரி பார்ப்பது அந்தத் தாளைத்தான். அழைக்கும் எண்ணம் இருந்தால் மூன்று ஆண்டு முன்பே உங்கள் வரிக் கணக்கரிடம் சொல்லிவையுங்கள்.

காப்பீடு

சூப்பர் விசாவின் முதுகெலும்பு மருத்துவக் காப்பீடு. வந்து இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஓராண்டுக்கு, 1,00,000 டாலருக்குக் குறையாமல், மருத்துவமனைச் செலவையும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் அடக்கியதாக இருக்க வேண்டும். தவணையில் கட்டலாம். ஆனால் விலைச் சீட்டை மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். முன்பணமாவது கட்டியிருக்க வேண்டும். கனடிய நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் காப்பீட்டையும் 2025 ஜனவரி முதல் ஏற்கிறார்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, பயணத் தேதி தள்ளிப்போனால் தொடக்க நாளையும் தள்ளிவைக்கலாமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

பெரும்பாலோர் இதை விசாவுக்கான சம்பிரதாயமாக நினைத்து, இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிடுகிறார்கள். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸில் ஏற்றும் இரவில்தான் அந்தத் தாளை முதன்முறையாகப் படிக்கிறார்கள். காப்பீடு இல்லாத வெளிநாட்டவருக்கு ஒன்டாரியோ மருத்துவமனையில் ஒரு நாள் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். ஆகவே மூன்று இடங்களைக் கட்டாயம் படியுங்கள்.

முதலாவது, முன்பே உள்ள நோய்கள். நம் பெரியவர்களில் சர்க்கரையோ பிரஷரோ இல்லாதவர் குறைவு. மலிவான பாலிசிகள் அவற்றை அடியோடு விலக்கிவிடும். சற்று விலை கூடியவை, நோய் நிலையாக இருந்தால் ஏற்கும். நிலையாக என்பதற்கு ஒரு கால அளவு உண்டு. ஸ்டேபிலிட்டி பீரியட் என்பார்கள். 90 நாள், 120 நாள், 180 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். அந்த நாள்களுக்குள் புது மருந்து தொடங்கியிருக்கக் கூடாது, பழைய மருந்தின் அளவைக் கூட்டியோ குறைத்தோ இருக்கக் கூடாது. இனி நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு "எதுக்கும் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துடுவோம்" என்று போவார்கள். அவரும் நல்லெண்ணத்தில் பிரஷர் மாத்திரையை ஐந்திலிருந்து பத்து மில்லிகிராமாக மாற்றுவார். அத்தோடு ஸ்டேபிலிட்டி போயிற்று. இங்கு வந்தபின் பக்கவாதம் வந்தால் நிறுவனம் பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் கைவிரித்துவிடலாம். முழு உடல் பரிசோதனையைப் பயணத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மருந்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மாற்றத்தான் வேண்டும், பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

இரண்டாவது, கேள்வித்தாள். "பழைய ஆபரேஷனை எல்லாம் எதுக்குச் சொல்லணும்" என்று மறைப்பார்கள். ஒன்றை மறைத்தது தெரிந்தால் தொடர்பில்லாத நோய்க்கும் சேர்த்துப் பாலிசியையே ரத்து செய்யலாம். கேள்வித்தாளை நீங்களாக நிரப்பாதீர்கள். வீடியோ அழைப்பில் அம்மாவை மாத்திரைப் பட்டைகளோடு உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்புங்கள்.

மூன்றாவது, எவை அடங்கா என்பது. இது அவசர மருத்துவத்துக்கான காப்பீடு. மாதாந்திரச் சோதனை, கண்புரை, பல்செட்டு, தொடர் டயாலிசிஸ் எல்லாம் பொதுவாக உங்கள் கைச்செலவு. ஒன்டாரியோவில் சமூக நல மருத்துவ மையங்கள் மாகாண அட்டை இல்லாதவர்களையும் பார்க்கின்றன. பெற்றோர் வருவதற்கு முன்பே உங்கள் பகுதி மையத்தில் விசாரித்துப் பெயர் கொடுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளும். மருந்து கொண்டுவரும்போது மருத்துவர் சீட்டோடு, கடையில் தந்த அதே அட்டையில், அதிகபட்சம் 90 நாளுக்கானதை மட்டும் கொண்டுவரலாம்.

உடலைத் திருப்பி அனுப்பும் செலவு பற்றிய வரியையும் படித்துவிடுங்கள். அமங்கலம் என்று யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அப்பாவுக்கு இங்கேயே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதை அப்பாவிடமே கேட்கலாம். பெரும்பாலும் அவரிடம் தெளிவான பதில் இருக்கும், பயப்படுவது நாம்தான்.

பி.ஆர். என்றால் இந்தக் காப்பீட்டுக் கவலை இல்லை. ஆனால் அங்கே வேறொரு தடை உண்டு. விண்ணப்பிப்பவரின் நோய் பொது மருத்துவத்துக்கு மிகையான சுமையாகும் என்று கணித்தால் மறுக்கலாம். 2025-இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 27,162 டாலர். கணவன், மனைவி, சிறு பிள்ளைகளுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு, பெற்றோருக்கு இல்லை. சிறுநீரகம் பழுதடைந்து டயாலிசிஸில் இருக்கும் தந்தையை ஸ்பான்சர் செய்து காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையை யாருக்கும் ஊட்டாதீர்கள்.

பெயரும் பிறந்த தேதியும்

காகிதங்களில் பெரிய தலைவலி நம் பெயர்கள். உங்கள் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் "சுப்ரமணி", அவர் பாஸ்போர்ட்டில் "சுப்பிரமணியன்", ஆதாரில் இன்னொரு எழுத்துக்கூட்டல். ஒரு தாளில் முன்னெழுத்து, இன்னொன்றில் அதுவே விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். அதிகாரிக்கு இவை மூன்று ஆட்கள். எல்லாவற்றுக்கும் பாஸ்போர்ட்டையே அடிப்படையாக வையுங்கள். மற்றவற்றில் இருப்பதும் அதே ஆள்தான் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணையுங்கள். பள்ளியில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி ஒன்று, ஜாதகத்தில் இருப்பது ஒன்று என்று இரண்டு பிறந்தநாள் உள்ளவர்களும் எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட் தேதியையே எழுதட்டும்.

பாஸ்போர்ட்டின் ஆயுளையும் பாருங்கள். அது காலாவதியாகும் நாளைத் தாண்டித் தங்க அனுமதி தர மாட்டார்கள். இரண்டு ஆண்டு மட்டுமே மிச்சமுள்ள பாஸ்போர்ட்டில் வந்தால் ஐந்து ஆண்டு என்பது பேச்சுக்குத்தான். புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கைரேகை கொடுப்பது, கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை இரண்டையும் சென்னையிலும் கொழும்பிலும் முடிக்கலாம். 79 வயதைக் கடந்தவர்களுக்குக் கைரேகை வேண்டாம்.

விமான நிலையத்தில் அழைப்புக் கடிதமும் காப்பீட்டுத் தாளும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் வைத்தால் குடிவரவு மேசையில் எடுக்க முடியாது. சூப்பர் விசாவில் வந்திருப்பதாக அவர்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். சாதாரணப் பார்வையாளர் என்று நினைத்து ஆறு மாதத்துக்கு முத்திரை குத்திவிட்டால் பிறகு சரிசெய்ய அலைச்சல். சக்கர நாற்காலி உதவியை, நன்றாக நடப்பவர்களுக்கும் பதிவு செய்யுங்கள். துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறும்போது ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு அதுவே வழித்துணை.

ஊரில் செய்துவைக்க வேண்டியவை

வங்கி, ஓய்வூதியம், ஆதார் எல்லாம் ஓ.டி.பி.யில்தான் ஓடுகின்றன. ஊர் சிம் செத்துப்போனால் அப்பா தன் கணக்கையே திறக்க முடியாது. ரோமிங் போட்டு அதை உயிரோடு வையுங்கள். ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று தர வேண்டும். டொராண்டோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதைப் பெறலாம். வீட்டு வரி, கரண்ட் பில், நிலத்து விவகாரம் பார்க்க ஒருவருக்குப் பவர் கொடுக்க வேண்டியிருந்தால் புறப்படுமுன் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிந்துவிடுங்கள். இங்கிருந்து தூதரகம் வழியாக அனுப்பினால், இந்தியா போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விற்கும் உரிமையைப் பவரில் சேர்க்காதீர்கள். எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் சரி.

பி.ஆர். வாங்கியவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள்: ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருந்தால்தான் அது நிலைக்கும். ஊர்த் திருவிழா, தங்கை பிள்ளை கல்யாணம், தோட்டத்து அறுவடை என்று வருஷத்தில் எட்டு மாதம் ஊரிலேயே இருக்க விரும்பும் பெரியவருக்குப் பி.ஆர். ஒரு தளை. அவருக்குச் சூப்பர் விசாதான் பொருந்தும். கனடிய முதியோர் ஓய்வூதியத்தை எண்ணி பி.ஆர். கேட்பவர்களும் உண்டு. அதற்கு 65 வயது ஆகியிருக்க வேண்டும், 18 வயதுக்குப் பின் பத்து ஆண்டு கனடாவில் வாழ்ந்திருக்கவும் வேண்டும். எழுபது வயதில் வருபவருக்கு அது தொலைவான பேச்சு.

வந்த பிறகு

மே மாதத்தில் அழைத்து வாருங்கள். டிசம்பரில் மலிவான டிக்கெட் கிடைத்தது என்று அழைத்தால் முதல் நான்கு மாதம் சன்னலுக்குள்ளேயே கழியும். அதற்குள் மனம் வெறுத்துவிடும். மே மாதத்தில் வந்தவர்கள் பனி விழுவதற்குள் பூங்காவையும் கோயிலையும் நூலகத்தையும் பஸ்ஸையும் பழகிவிடுவார்கள். டொராண்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. 65 வயதானவர்களுக்கு டி.டி.சி. பஸ்ஸில் கட்டணம் குறைவு. பிரெஸ்டோ அட்டையில் முதியோர் சலுகையைப் பதிந்துகொடுங்கள். முதல் பத்து நாள் கூடப் போங்கள், அப்புறம் தனியே விடுங்கள்.

பேஸ்மென்ட்டில் இடம் இருக்கிறது என்று அங்கே தங்கவைக்காதீர்கள். படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதுதான் இந்த வயதில் பெரிய ஆபத்து. வெயிலில் வாழ்ந்தவர்களுக்கு வெளிச்சமில்லாத அறை வேறு. கழிப்பறையில் பிடிமானக் கம்பியும் கைத்தெளிப்பானும் பொருத்துங்கள். வீட்டுச் சாவி ஒன்று, டேட்டா உள்ள போன் ஒன்று, கேட்காமலே மாதாமாதம் கையில் கொஞ்சம் பணம் ஆகிய மூன்றும் அவர்களிடம் இருக்க வேண்டும். காய்கறி வாங்கப் பத்து டாலருக்கு மருமகளிடம் கை நீட்டும் நிலைமையில் எந்த மாமியாரும் நிம்மதியாக இருக்க மாட்டார்.

பேரப்பிள்ளை பார்க்க வந்தவர்களை வேலைக்கு வந்தவர்கள் போல நடத்துவது நம்மிடையே நிறைய நடக்கிறது. டேகேர் செலவு மிச்சம் என்ற கணக்கில்தான் பல விண்ணப்பங்கள் எழுதப்படுகின்றன, ஒப்புக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எத்தனை மணி நேரம், எந்த நாள் விடுமுறை என்பதை முன்பே பேசுங்கள். சனிக்கிழமை அவர்களுடையதாக இருக்கட்டும். இத்தனைக்கும் பிறகு, ஒரு குளிர்காலம் கழித்து, "நான் ஊருக்கே போறேன்ப்பா" என்று அப்பா சொன்னால் டிக்கெட் எடுங்கள். விசா பத்து ஆண்டு கையில் இருக்கிறது. மனம் மாறினால் அடுத்த மே மாதம் வரலாம்.

கடைசியாக, முகவர்கள். ஸ்பான்சர் பட்டியலில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. குலுக்கலில் இடம் விற்பதற்கு யாரிடமும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள், மாகாண வழக்கறிஞர் மன்றங்களின் உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள் மட்டுமே. சூப்பர் விசாவை அழைப்பவரே இணையத்தில் நிரப்பிவிட முடியும். வருமான வரம்பும் கட்டணமும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளன்று குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.